ஏழு புள்ளி இரண்டு

"தண்ணி சரியாத்தான் இருக்குது. அவதான் சரியில்ல" என்றார் குழந்தைவேலு.

பிலோமினா நிமிரவில்லை. நீச்சல் குளத்தின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஃபில்டரின் மடிப்புகளுக்குள் குழாயால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"என் சம்சாரம். மரகதம்."

"எந்தத் தண்ணி?"

"வீட்டுல ஹாட் டப் இருக்குது. பையன் வாங்கிப் போட்டது. அவளுக்கு முட்டிவலி. அந்தச் சுடுதண்ணியில அரை மணி உக்காந்தான்னா எந்திரிச்சு நடப்பா."

"இப்ப?"

"கோபியில அவங்கண்ணன் வீட்டுல போய் உக்காந்துக்கிட்டா. அந்தத் தண்ணி இருக்கற வீட்டுக்குள்ள காலை வெக்கமாட்டேங்கறா."

பிலோமினா ஃபில்டரைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கம் பீய்ச்சினாள்.

கோத்தகிரியில் எந்த விடுதியின் குளம் பச்சை பிடித்தாலும் இவளுக்குத்தான் ஆள் போகும். வயது நாற்பத்தொன்று. சுடிதாரெல்லாம் குளோரின் தின்ற வெள்ளைத் திட்டு. அதிகம் பேசமாட்டாள். பேசினால் கேட்டவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது என்பார்கள்.

குழந்தைவேலுவுக்கு அறுபத்தேழு. கோவையில் ஒரு நூல் மில்லில் முப்பத்துநாலு வருடம் தரச் சோதனை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மலையேறி வீடு கட்டிக்கொண்டார். யாரிடமும் போய் நின்று பழக்கமில்லை. இன்றைக்கு நிற்கிறார். உட்காருங்கள் என்றுகூட அவள் சொல்லவில்லை.

"நான் என்ன பண்ணணும் சார்?"

"ஒருக்கா வந்து பாருங்க. தண்ணி சுத்தமா இருக்குதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதும். நீங்க சொன்னா மலையில அத்தனை பேரும் ஒத்துக்கறாங்க. அவளும் ஒத்துக்குவா."

"எதுக்கு வரமாட்டேங்கறாங்க?"

"தொடையில கொப்புளம் வந்துச்சு. சக்கரை வேற. சீழ் வெச்சு, காய்ச்சல் வந்து, பதினோரு நாள் கோவையில ஆஸ்பத்திரி. எல்லாம் தண்ணியாலதான்னு சொல்றா."

"இல்லையா?"

"எப்பிடிங்க ஆகும்? எட்டு மாசமா தினமும் டெஸ்ட் பண்றேன். ஒரு நாள் விடல."

தோள்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். அவள் கை ஈரம். வாங்கவில்லை. அவரே விரித்துக் காட்டினார்.

"தேதி, சூடு, பிஹெச், குளோரின். எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கேன். எங்கிட்ட எதுவும் தப்ப முடியாதுங்க. மில்லுல காரியப்பன்னு ஒருத்தன். நூலை அளந்து எழுதற வேலை. மூணு வாரமா ஒரே அளவை எழுதி வெச்சிருந்தான். பாத்த ஒடனே புடிச்சுட்டேன். அளக்காமயே எழுதறயாடான்னு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அளந்தேன், அளந்தேன்னு அழுதான். நூல்னா ஏறும் எறங்கும். மூணு வாரம் ஒரே அளவு எங்க வரும்? இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?"

பிலோமினா ஃபில்டரை வெயிலில் சாய்த்து வைத்தாள். முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க. டெஸ்ட் பண்ற ஸ்ட்ரிப், அந்தக் காகிதப் பட்டை வெச்சிருக்கீங்கல்ல, அதை டப்பாவோட கொண்டுவாங்க."

"தண்ணி கொண்டுவர வேண்டாமா?"

"டப்பா போதும்."

குழந்தைவேலு முனகிக்கொண்டே மேடேறினார். ஒரு கையெழுத்துக்கு இரண்டு நடை.

*

மறுநாள் அவர் கொண்டுவந்தது ஒரு கண்ணாடி பாட்டில். மூடியில் இன்னும் மாவடுப் படம் ஒட்டியிருந்தது.

"இது ஊறுகாய் பாட்டில்" என்றாள் பிலோமினா.

"பையன் அஞ்சு டப்பா ஒண்ணா அனுப்பிச்சான். ஒவ்வொண்ணாத் தேடிக்கிட்டிருக்கறதுக்கு எல்லாத்தையும் இதுல கொட்டிட்டேன். கழுவிக் காயவெச்சுத்தான் கொட்டினேன்."

"எங்க இருக்கும்?"

"டப் விளிம்புலயே. கைக்கு வாகா."

"ஆவியில."

"மூடிதான் இருக்குதே."

அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"தைலம்" என்றாள்.

"அது என் கை வாசம். மரகதத்துக்கு முட்டிக்குத் தைலம் தேக்கறது நான்தான். தெனமும் காலையில சூடு பறக்கத் தேச்சுவிட்டு, கால் மணி ஊறவெச்சு, அப்பறந்தான் தண்ணியில எறக்குவேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேற யாரையும் தொட விடமாட்டேன்."

"டெஸ்ட் எப்ப பண்ணுவீங்க?"

"தைலம் ஊறுற நேரத்துல."

"கை கழுவிட்டா?"

"வேட்டியில தொடச்சுக்குவேன்."

பிலோமினா பாட்டிலிலிருந்து ஒரு பட்டையை உருவினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த தூக்கைத் திறந்தாள். உள்ளே மோர். பட்டையை அதில் முக்கி எடுத்து, உதறி, அவர் கையில் கொடுத்தாள். கூடவே நிறம் பார்க்கும் அட்டையையும்.

"படிங்க."

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏழு புள்ளி ரெண்டு."

"குளோரின்?"

"சரியா இருக்குது."

"மோர்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

இன்னொரு பட்டையை எடுத்தாள். தரை துடைக்கும் துணி ஊறிக்கொண்டிருந்த சோப்புத் தண்ணி வாளியில் முக்கினாள்.

"இது?"

அட்டையை வெயிலுக்குக் காட்டினார். நிழலுக்குக் காட்டினார். திருப்பியும் பார்த்தார்.

"ஏழு புள்ளி ரெண்டு."

"நல்லதாப் போச்சு. இனிமே மோர்ல குளிக்கலாம். வாளித் தண்ணியச் சோத்துக்கு ஊத்திக்கலாம்."

குழந்தைவேலுவுக்குச் சுள்ளென்று வந்தது.

"சரி, பட்டை நமுத்துப்போச்சு. அவ்வளவுதானுங்களே? புதுசு வாங்கிக்கறேன். அதுக்கு எதுக்கு இத்தனை நக்கல்?"

"நோட்டைக் குடுங்க."

இன்றைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் எண்கள் ஏறி இறங்கின. ஏழு புள்ளி எட்டு. ஆறு புள்ளி எட்டு. மறுபடி ஏழு புள்ளி எட்டு. பதினோராம் நாளிலிருந்து ஏழு புள்ளி இரண்டு. அடுத்த பக்கமும் அதே. அதற்கடுத்த பக்கமும். கையெழுத்து மட்டும் அச்சடித்தமாதிரி அழகு.

"பதினோராம் நாள் என்ன ஆச்சு?"

"கட்டுக்குள்ள வந்துருச்சு."

"பாட்டில்ல கொட்டினது எப்ப?"

அவர் விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்த பிறகும் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த வாரந்தான்."

"உங்க மில்லுல ஒரு மீட்டர் எட்டு மாசம் ஒரே அளவு காட்டினா என்ன பண்ணுவீங்க?"

"மீட்டரைத் தூக்கி..."

நிறுத்திக்கொண்டார்.



"காரியப்பன் அளந்திருப்பாரு" என்றாள் பிலோமினா.

அவர் பக்கத்திலிருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே.

அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசிக் கட்டம் எதுக்கு? மேல 'குறிப்பு'ன்னு போட்டிருக்கு."

"ஏதாவது கொறை இருந்தா எழுதறதுக்கு."

"ஒரு வரிகூட இல்ல."

"கொறை இல்லையே."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லுவா. எரியுதும்பா. நான் பட்டையை முக்கிக் காட்டுவேன். பேச்சு நின்னுரும்."

"ஒரு நாள்கூட விடல. அவங்க ஆஸ்பத்திரியில இருந்த பதினோரு நாளுமா எழுதினீங்க?"

"ஆமா. மார்ச்சுல அத்தனை நாளும் காலையில பஸ்ஸேறி வந்து பாத்துட்டு, பொழுதுக்குள்ள கோவை திரும்பிருவேன். தண்ணியை விட்டுட்டா கெட்டுருமில்ல."

பிலோமினா நோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில கேட்டிருப்பாங்களே, தண்ணியில உக்காருவாங்களான்னு."

"கேட்டாங்க. நோட்டைக் காட்டினேன். இவ்வளவு சுத்தமா யாரும் வெச்சிருக்க மாட்டாங்கன்னு டாக்டரே சொன்னார். அப்பறம் வேற காரணம் தேடினாங்க."

"எத்தனை நாள் தேடினாங்க?"



"மூணு நாள்."

நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்."

*

தண்ணீர் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அடியில் ஊசி கிடந்தால் எடுத்துக் கோக்கலாம். மூடியைத் திறந்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறியது.

"பாருங்க. ஆஸ்பத்திரி கணக்கா வாசம்" என்றார் குழந்தைவேலு. பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"நல்ல குளோரினுக்கு இத்தனை வாடை வராது. இது அழுக்கைத் தின்னு செத்த குளோரின். பொணவாடை."

தெம்பு போயிற்று.

"தண்ணி மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"எதுக்கு மாத்தோணும்? மலையில ஒரு லாரித் தண்ணிக்கு என்ன பாடு படறோம். தெளிவாத்தானே இருக்குது."

"எட்டு மாசமா இதே தண்ணியா?"

"கொறையக் கொறைய ஊத்திக்குவேன்."

"நீங்க இறங்கியிருக்கீங்களா?"

"நான் எதுக்கு? என் முட்டி நல்லாத்தான் இருக்குது."

அவள் ஃபில்டரை உருவினாள். வெள்ளையாக இருக்க வேண்டியது பழைய மெழுகுத்துணி நிறத்தில் வந்தது. மடிப்புக்கு மடிப்பு பிசுபிசுப்பு. அவர் மூக்கருகில் கொண்டுபோனாள். அவர் முகர்ந்தார். தினமும் காலையில் உள்ளங்கையில் ஊற்றிக்கொள்கிற அதே வாசம்தான், அழுகிய பிறகு.

பிலோமினா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, அதிலிருந்த திரவத்தைத் தொட்டிக்குள் ஊற்றினாள். தண்ணீர் பீய்ச்சும் மோட்டாரைப் போட்டாள்.

"இது என்னது?"

"குழாய் கழுவறது. பேசாம பாருங்க."

கால் மணி நேரம் நுரைதான் வந்தது. குழந்தைவேலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பக்கவாட்டுத் துளை ஒன்றிலிருந்து பழுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. பாலாடைபோல ஒரு தோல். அறுந்து விழுந்து மிதந்தது. அடுத்த துளையிலும் வந்தது. பிறகு எல்லாத் துளையிலும் கொத்துக்கொத்தாக, கறுப்பும் பழுப்புமாய், வழவழவென்று. அரை மணியில் அந்தக் கண்ணாடித் தண்ணீர் சாக்கடையாய்ச் சுழன்றது.

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எங்கிருந்துங்க வருது இது?"

"குழாய்க்குள்ள குடியிருந்தது. எண்ணெயைத் தின்னு வளரும். நீங்க போடற குளோரின் எல்லாத்தையும் இதுவே வாங்கிக்கும். அவங்க தொடைக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது."

"தைலத்தைத் தின்னா?"

"ஆமா."

"நான் தேச்ச தைலத்தையா?"

அவள் குனிந்தாள். அடியிலிருந்த திருகைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சரிவில் இறங்கி வேலியோரமாய் ஓடியது. கடைசிச் சொட்டு வரைக்கும் அவரை நின்று பார்க்கவைத்தாள்.

*

கழுவி, துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்ப மறுநாள் மத்தியானம் ஆயிற்று. பிலோமினா சோதனைக் குழலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, மருந்தை எண்ணி எண்ணிச் சொட்டுவிட்டு நிறம் பார்த்தாள். பிறகு ஆப்பசோடாவை அளந்து கொடுத்தாள்.

"போடுங்க. மோட்டாரை ஓடவிடுங்க. மூடியைத் திறந்தே வையுங்க."

போட்டார்.

"அப்பறம்?"

"உக்காருங்க."

"குளோரினும் இப்பவே போட்டுரலாமே. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டினா வேலை முடிஞ்சுது."

"ஊறுகாய் பாட்டில்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றைப் போட்டு, அது கரைந்து, தண்ணீர் என்ன சொல்கிறது என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. அவருக்கு உட்காரவே முடியவில்லை. எழுந்தார். முறைத்தாள். உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழலை அவர் கையிலேயே கொடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய கை. நிறம் பார்த்தார்.

"ஏழு புள்ளி நாலு. குளோரின் மூணு." அவளைத் திரும்பிப் பார்த்தார். "இப்பவாவது எழுதிக் குடுங்க. நாளைக்கே கோபிக்குப் போறேன்."

"நாளைக்கு இந்தத் தண்ணி வேற தண்ணி. இன்னைக்கு எழுதினது நாளைக்குச் செல்லாது."

"அப்ப எதைக் காட்டி நான் அவளைக் கூப்பிடுவேன்?"

பிலோமினா நோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். மேலே ஒரு பேனாவை வைத்தாள்.

"கடைசிக் கட்டம். அவங்க சொன்னதை எழுதுங்க. எந்தத் தேதி சொன்னாங்களோ, அந்தத் தேதிக்கு நேரா."

"அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்."

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இருந்தது. அதுதான் கொடுமை. ஒன்றுவிடாமல் இருந்தது.

செப்டம்பர் பதினாலு: எரியுதுங்க. செப்டம்பர் இருபது: தண்ணி வழவழங்குது. தீபாவளிக்கு மறுநாள்: ஏனுங்க, இந்த நாத்தம் தலைமுடியில நின்னுபோச்சு. டிசம்பர் மூணு: தொடையில அரிக்குது. டிசம்பர் நாலு: அரிக்குதுன்னு நேத்தே சொன்னேனே. பொங்கலன்னைக்கு: இன்னைக்கு ஒரு நாள் வேண்டாமே. பிப்ரவரியில் ஐந்து தடவை: வேண்டாமே.

இப்படி மொத்தம் பத்தொன்பது வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கட்டத்தில் அவருடைய அழகான கையெழுத்து. ஏழு புள்ளி இரண்டு.

*

கோபியில் மரகதம் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். முட்டி இரண்டின் மேலும் சுடுதண்ணீர்ப் பை. இளைத்திருந்தாள். வாங்க என்றாள். எழுந்திருக்கவில்லை.

குழந்தைவேலு நோட்டை நீட்டினார்.

"மறுபடியும் நோட்டா?" என்றாள்.

"கடைசிக் கட்டத்தைப் பாரு, அம்மிணி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். விரல் வைத்து, வரி வரியாக, அவசரமில்லாமல் படித்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"நீ சொன்னதுதான் சரி" என்றார். "தண்ணி கெட்டுத்தான் கெடந்துச்சு. என் தைலத்தாலதான். எல்லாத்தையும் கொட்டியாச்சு. புதுசா நெரப்பியாச்சு."

"ம்."

"இனிமே கால் கழுவிட்டுத்தான் எறங்கோணும். தைலம் அப்பறந்தான்."

"ம்."

"வர்றயா?"

அவள் கடைசிப் பக்கம் வரைக்கும் போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"எது?"

"நீங்களும் ஒருக்கா எறங்கிப் பாருங்கன்னு சொன்னனே."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நோட்டை வாங்கிக்கொண்டார்.

"எந்தத் தேதி?"

மரகதம் சுடுதண்ணீர்ப் பைகளை எடுத்துக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை முடியவில்லை. அவர் கை நீட்டினார். அதைப் பிடிக்காமல் எழுந்து உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"தெனமுந்தான் சொன்னேன். எல்லாத் தேதிக்கும் எழுதுங்க" என்றாள். "எழுதி முடிச்சுட்டு வந்து கூப்புடுங்க."